வியர்க்காதே, ஜவான்!

பனிமலைப் பயிற்சிக்குப் போகும் ஜவானுக்குச் சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்: வியர்க்காதே. மைனஸ் 30 டிகிரியில் யாருக்கய்யா வியர்க்கும் என்று சமவெளியில் உட்கார்ந்திருக்கும் நாம் கேட்கலாம். முதுகில் மூட்டை, தோளில் துப்பாக்கி, முழங்கால் புதையும் பனி, பாதி பிராணவாயுகூட இல்லாத காற்று. இத்தனையோடு மேடு ஏறுகிறவருக்கு நன்றாகவே வியர்க்கும். ஏறும்வரை தொந்தரவில்லை. உச்சியில் போய் நின்றதும் உடம்பு வெப்பம் உண்டாக்குவதைக் குறைத்துக்கொள்ளும். உள்சட்டையில் ஊறிய வியர்வை சில்லிட்டு, பிறகு உறைய ஆரம்பிக்கும். எவ்வளவு தடிமனான கோட்டும் நனைந்துவிட்டால் பாதி உபயோகம் போய்விடும்.

எனவே ஏறும்போது கோட்டைக் கழற்ற வேண்டும், நின்றதும் மாட்ட வேண்டும். எதிரி சுடக்கூடிய சரிவில் இது லேசான காரியமில்லை.

கோட்டுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வைத்துவிட்டால் என்ன? ராஜஸ்தான் எல்லையில் வெயிலில் வேகும் ஜவானின் சட்டைக்குள் ஒரு ஏ.சி. வைத்துவிட்டால் என்ன? சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாகச் செய்தி வருகிறது. ஒரே ஜாக்கெட், ஒரு பொத்தானை அழுத்தினால் சூடு, இன்னொன்றை அழுத்தினால் குளிர். கண்டுபிடிப்பாளர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சிரிக்கும் படமும் கூடவே வரும். அதன் பிறகு அந்த ஜாக்கெட்டைப் பற்றிப் பேச்சு குறைந்துவிடுகிறது. காரணம் சூழ்ச்சியோ சிவப்பு நாடாவோ மட்டுமல்ல. பெரும்பாலும் கணக்குதான்.

கணக்கைப் பார்ப்போம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறைய ஒரு 100 வாட் பல்பு அளவு வெப்பத்தை வெளியிடுகிறார். சுமையோடு நடக்கும்போது அது 400, 500 வாட்டுக்குப் போய்விடும். அதாவது ஒவ்வொரு ஜவானும் ஒரு நடமாடும் அடுப்பு. குளிர்ப் பிரதேசத்தில் அந்த அடுப்பின் சூட்டைப் பத்திரப்படுத்த வேண்டும், பாலைவனத்தில் அதை வெளியே தள்ள வேண்டும். முதல் வேலை சுலபம், இரண்டாவது கஷ்டம். கம்பளிக்கு மின்சாரம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்கு வேண்டும்.

குளிரிலும் சிக்கல் மார்பில் இல்லை, விரலில் இருக்கிறது. உடம்பின் உள்வெப்பம் 37 டிகிரியிலிருந்து இறங்கப்பார்த்தால் மூளையும் இதயமும் பிழைப்பதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பே குறைத்துவிடும். குடும்பத்தில் கஷ்டம் வந்தால் கடைக்குட்டியின் பங்கில் கைவைப்பது மாதிரி. விரல்கள் வெளுத்து, மரத்து, வலிகூட இல்லாமல் உறைந்துபோகும். வலிக்காததுதான் ஆபத்து. பனிக்கடி என்று இதற்குப் பெயர். முற்றிவிட்டால் அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. 20,000 அடி உயரத்தில் பிராணவாயுக் குறைவும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. காற்றும் தன் பங்குக்குப் படுத்தும். மைனஸ் 30 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 48 போலத்தான்.

விரலைச் சூடாக்க மின்கம்பி என்ற யோசனை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனிக்குப் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பக்கவாட்டு ஜன்னல்கள் திறந்தே இருந்தன. துப்பாக்கிக்காரர்கள் 25,000 அடியில், மைனஸ் 40 டிகிரிக் காற்றில் நின்று சுட்டார்கள். 1943-ல் எதிரியின் குண்டைவிடப் பனிக்கடியால் மருத்துவமனைக்குப் போனவர்கள் அதிகம் என்ற நிலை வந்தது. அவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட மின்சூட்டு உடையின் நிறம் நீலம். வீரர்கள் அதற்கு நீல முயல் என்று பெயர் வைத்தார்கள். அதில் கம்பிகள் நம் வீட்டுக் கொலுவில் தொங்கும் பழைய சீரியல் பல்பு மாலை போல ஒரே வரிசையில் இணைக்கப்பட்டிருந்தன. எங்கோ ஒரு மடிப்பில் கம்பி அறுந்தால் மொத்த உடையும் செத்துவிடும். பிறகு வந்த உடைகளில் கம்பிகளைத் தனித்தனிக் கிளைகளாகப் பிரித்த பின்தான் ஓரளவு நிம்மதி.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது முயலை அல்ல, பிளக்கை. அந்த உடைகளுக்கு மின்சாரம் விமானத்தின் ஜெனரேட்டரிலிருந்து வந்தது. துப்பாக்கிக்காரர் பிளக்கைச் செருகிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றார். சால்டோரோ மலைமுகட்டில் காவல் நிற்கும் ஜவானுக்குச் செருக எதுவும் இல்லை. மின்சாரத்தையும் அவரேதான் சுமக்க வேண்டும்.

எவ்வளவு சுமக்க வேண்டும்? ஒரு கைக்கு 6 வாட், ஒரு காலுக்கு 6 வாட் என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 வாட். எட்டு மணி நேரக் காவலுக்கு 192 வாட்-மணி. இன்றைய நல்ல லித்தியம் பாட்டரியிலேயே இதற்கு ஒரு கிலோ வேண்டும். அதுவும் பாட்டரி அறை வெப்பத்தில் இருந்தால். கடுங்குளிரில் லித்தியம் பாட்டரி தன் கொள்ளளவில் பெரும் பங்கை இழந்துவிடும். எனவே அதைக் கோட்டின் உள்பையில், உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். உடம்பு பாட்டரியைச் சூடாக்க, பாட்டரி உடம்பைச் சூடாக்குகிறது. காலியான பாட்டரியை மறுநாள் எதில் சார்ஜ் செய்வது? அந்த உயரத்தில் ஜெனரேட்டருக்கு வேண்டிய மண்ணெண்ணெய் ஹெலிகாப்டரில் வருகிறது. வானிலை கெட்டால் நாள்கணக்கில் வராது.

இதனால் மின்சூட்டு உடையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அசையாமல் நிற்பவருக்கு அது வரம். பாராக்காரர், ஸ்ட்ரெச்சரில் இறக்கப்படும் நோயாளி, ஹெலிகாப்டர் விமானி, டாங்கி ஓட்டுனர் ஆகியோருக்கு ரொம்பப் பயன்படும். நடப்பவருக்கு அவருடைய கால்களே ஹீட்டர். அமெரிக்க ராணுவத்தின் உடலியல் ஆய்வாளர்கள் ஒரு சாமர்த்தியமான வழியைச் சோதித்திருக்கிறார்கள். விரலைச் சூடாக்காமல் முன்கையையும் முகத்தையும் சூடாக்குவது. உடம்பு ஏமாந்துபோய் விரல்களுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். கையுறை தடிக்காது, துப்பாக்கிக் குதிரையை இழுக்கவும் ஊசி போடவும் விரல் சுதந்திரமாக இருக்கும். என் பார்வையில் முழு உடம்புக்கும் ஹீட்டர் மாட்டும் ஜாக்கெட்டுகளைவிட இதில் புத்தி அதிகம்.

இரவில் இன்னொரு கவலையும் உண்டு. வெப்பத்தைப் பார்க்கும் கேமராவுக்கு, உறைபனிப் பின்னணியில் சூடான கோட்டு விளக்குப் போலத் தெரியும். எதிரியிடமும் அந்தக் கேமரா இருக்கிறது.

இனி பாலைவனம். ராஜஸ்தானில் ஜோத்பூருக்கு வடக்கே உள்ள பலோடியில் 2016 மே 19-ம் தேதி வெப்பநிலை 51 டிகிரியைத் தொட்டது. காற்று உடம்பைவிடச் சூடாக இருக்கும்போது உடம்புக்கு ஒரே ஒரு வழிதான் மிஞ்சும். மண்பானை செய்யும் அதே வேலை. பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் என்றால் 670 வாட் குளிர்சாதனம். இதைவிடச் சிறந்த ஏ.சி.யை யாரும் இன்னும் தைக்கவில்லை. சென்னையில் அக்னி நட்சத்திரத்தின்போது இது தோற்றுப்போகக் காரணம், ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. ஜெய்சல்மேரின் வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும், ஜவான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால். அவர்மீது குண்டு துளைக்காத கவசத்தை இறுக்கிக் கட்டாமல் இருந்தால்.

கவசத்தைக் கட்டத்தான் வேண்டும். கட்டினால் மார்பிலும் முதுகிலும் காற்று புகாது. வியர்வை வழியும், ஆவியாகாது. கண்டுபிடிப்பாளர்கள் நுழையும் இடம் இது.

முதல் வழி மெழுகு. 28, 30 டிகிரியில் உருகக்கூடிய மெழுகு வகைகளைப் பைகளில் அடைத்துச் சட்டைக்குள் வைப்பது. பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை விழுங்குவதுபோல இதுவும் விழுங்கும். தோலை உறைய வைக்காது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆதரவில் 1980-களில் துணிக்குள் வளர்ந்த இந்தத் தொழில்நுட்பத்தில், ஜோத்பூரில் உள்ள நம் பாதுகாப்பு ஆய்வகமும் வேலை செய்து குளிர்ச் சட்டைகள் உருவாக்கியிருக்கிறது. ஆனால் ஒரு கிலோ மெழுகு சுமார் 200 கிலோ ஜூல்தான் விழுங்கும். இரண்டு கிலோவைச் சுமந்தால் 400. நொடிக்கு 100 ஜூல் வீதம் எடுத்தால் ஒரு மணி ஏழு நிமிடத்தில் மெழுகு முழுக்க உருகி, அதன் பிறகு அது வெறும் இரண்டு கிலோ பாரம். அதே 400 கிலோ ஜூலை எடுக்க எவ்வளவு வியர்வை ஆவியாக வேண்டும்? ஒரு சின்ன டம்ளர், 170 மில்லி.

இரண்டாவது வழி தண்ணீர்க் குழாய். உள்சட்டை முழுவதும் மெல்லிய குழாய்களைத் தைத்து அதில் குளிர்ந்த நீரை ஓடவிடுவது. 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமானிகளுக்காகச் செய்து பார்த்தார்கள். அப்பல்லோ வீரர்கள் நிலவில் நடந்தபோது அணிந்ததும் இந்த வகைதான். அருமையாக வேலை செய்யும். ஆனால் நீரைக் குளிர வைக்கும் பெட்டி முதுகில் இருக்க வேண்டும். நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு. ஜெய்சல்மேரில் அந்தச் சலுகை இல்லை. இராக் போரில் அமெரிக்க ஹெலிகாப்டர் வீரர்கள் இத்தகைய சட்டைகளை அணிந்தார்கள். பெட்டி ஹெலிகாப்டரோடு பொருத்தப்பட்டிருந்தது. மறுபடியும் பிளக்.

மூன்றாவதுதான் பத்திரிகைகளுக்கு ரொம்பப் பிடித்தது. 1834-ல் பிரெஞ்சுக்காரர் பெல்டியே கண்டது: இரண்டு வேறு உலோகங்களின் சந்திப்பில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். மின்சாரத்தின் திசையை மாற்றினால் பக்கங்கள் மாறும். ஒரே சில்லு ஹீட்டரும் ஏ.சி.யுமாகிவிடும். அசையும் பாகம் கிடையாது, வாயு கிடையாது, சத்தம் கிடையாது. சியாச்சினுக்கும் தாருக்கும் ஒரே ஜாக்கெட் என்ற கனவுக்கு ஆதாரம் இந்தச் சில்லுதான். எம்.ஐ.டி.யில் படித்த ஹைதராபாத்காரர் கிராந்தி கிரண் விஸ்தகுலா இதை நம்பி ஜாக்கெட்டுகளும் சிகிச்சைப் பட்டைகளும் செய்யும் நிறுவனத்தையே ஹைதராபாத்தில் தொடங்கினார். 2019-ல் கலிபோர்னியாவின் சான்டியாகோ பல்கலைக்கழகத்தினர், வளையக்கூடிய ஒரு பட்டையைத் தோலில் ஒட்டி, சுற்றுப்புறம் 22 டிகிரியிலிருந்து 36 வரை மாறினாலும் தோலின் வெப்பத்தை நிலையாக வைத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் சோனி, கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் சிறு கருவியைக் கடைக்கே கொண்டுவந்துவிட்டது.

அலுவலகம் போகிறவருக்கு இது போதும். ராணுவத்துக்குப் போதாது. உடம்பிலிருந்து 100 வாட்டை எடுக்க இந்தச் சில்லுகளுக்குக் குறைந்தது இன்னொரு 100 வாட் மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து 200 வாட் சூடு மறுபக்கத்தில் வெளிவரும். அதைக் காற்றில் தள்ள வேண்டும்; அந்தக் காற்றோ 45 டிகிரி. நான்கு மணி நேர ரோந்துக்கு இரண்டு கிலோ பாட்டரி. ஏற்கனவே துப்பாக்கி, தோட்டா, கவசம், தண்ணீர், வயர்லெஸ் பெட்டி என்று முதுகு ஒடிய நடக்கிறவரிடம் இன்னும் இரண்டு கிலோவைக் கொடுத்தால், அதைச் சுமப்பதற்கே அவர் உடம்பு கொஞ்சம் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும்.

ஜப்பானில் 2004 முதல் விற்கப்படும் விசிறி வைத்த சட்டைகளைப் பற்றி விஞ்ஞானிகள் அவ்வளவு பேசுவதில்லை. இடுப்பருகே இரண்டு சின்ன விசிறி, சட்டைக்குள் காற்று, அவ்வளவுதான். கட்டடத் தொழிலாளிகள் போட்டுக்கொள்கிறார்கள். குளிரை உண்டாக்கும் வேலையை வியர்வையிடமே விட்டுவிட்டு, அதற்கு உதவி மட்டும் செய்கிறது இது. வறண்ட பாலைவனத்துக்கும், கவசத்துக்கு அடியில் காற்று ஓட ஒரு இடைவெளி விட முடிந்தால், இதுவே பொருத்தம் என்று தோன்றுகிறது. மணல் புகுந்து விசிறி நிற்கும். நிற்கட்டும், சட்டை சட்டையாகவாவது இருக்கும். மெழுகும் குழாயும் அப்படியல்ல.

டாங்கியில் இருப்பவர் கதை வேறு. அவரிடம் எஞ்சின் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, சுமக்க வேண்டியதில்லை. குளிர்ச் சட்டை முதலில் போக வேண்டிய இடம் அங்கேதான். 2001-ல் ரஷ்யாவுடன் ஒப்பந்தம் செய்து வாங்கிய டி-90 டாங்கிகள் தார் பாலைவனத்துக்குப் போனபோது அவற்றின் இரவுப் பார்வைக் கருவிகள் சூடு தாங்காமல் மக்கர் செய்தன. டாங்கிக்கு ஏ.சி. வேண்டும் என்ற கோரிக்கை அப்போது பலமாக எழுந்தது. கருவி கெட்டுப்போன பிறகு. அதே இரும்புப் பெட்டிக்குள் மூன்று மனிதர்கள் உட்கார்ந்திருந்தது, கருவி கெடும்வரை அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை போலிருக்கிறது. இந்த டாங்கிகள் பின்னர் நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலேயே தயாராகின. மே மாதத்து ஆவடியில் ஒரு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்து பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

மலைக்குத் திரும்புவோம். 1984 ஏப்ரல் 13-ல் மேகதூத் நடவடிக்கை தொடங்கியதிலிருந்து 2015 முடியும்வரை சியாச்சினில் 869 ராணுவத்தினர் உயிரிழந்ததாக 2016-ல் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. தட்பவெப்பமும் நிலமும் கொன்றவர்கள் இவர்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் சோனம் காவல் நிலையின் மீது பனிச்சரிவு விழுந்து 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பத்துப் பேர் இறந்ததை, அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதை, நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலை சரிந்தால் எந்தக் கோட்டும் உதவாது. ஆனால் விரல் போவதும் கண் போவதும் மலைச் சரிவு அல்ல. அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்குப் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, கொள்முதல் உத்தரவு இருக்கிறது.

2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையைப் படித்தால் ஜாக்கெட்டுக்குள் ஏ.சி. வைக்கும் உற்சாகம் கொஞ்சம் வடிந்துவிடும். உயர்மலைப் படைகளுக்கான உடைகளும் சாதனங்களும் வாங்குவதில் நான்கு ஆண்டுவரை தாமதம். பனிக் கண்ணாடியில் 62 முதல் 98 சதவீதம்வரை பற்றாக்குறை. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்குப் பூட்ஸ்கள் கிடைக்காமல், இருந்த பூட்ஸ்களையே பழுதுபார்த்துத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். முகமூடி, ஜாக்கெட், தூக்கப் பை ஆகியவை பழைய ரகமாகவே வாங்கப்பட்டன. அறிக்கை பழைய காலத்தைப் பற்றியது, இப்போது குறையில்லை என்று அன்றைய ராணுவத் தளபதி ஜெனரல் நரவானே பதில் சொன்னார். இருக்கலாம். ஆனால் இன்னொருவர் போட்டுக் கழற்றிய பூட்ஸில் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தவருக்கு 2020-ல் வந்த பதிலால் என்ன லாபம்?

அதன் பிறகு சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. 2020-ல் கிழக்கு லடாக்கில் சீனாவோடு மோதல் வந்து, குளிர்காலத்திலும் பெரும் படை அங்கேயே தங்க நேர்ந்தபோது அமெரிக்காவிடமிருந்து அவசரமாகக் குளிர் உடைகள் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சங்கடம் ஒரு பாடமாயிற்று. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மூன்றடுக்குக் குளிர் உடையின் தொழில்நுட்பம் 2022 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டது. இதில் பாட்டரி இல்லை, சில்லு இல்லை. வேலையின் கடுமைக்குத் தக்கபடி அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் பிளஸ் 20 முதல் மைனஸ் 50 டிகிரிவரை சமாளிக்கலாம் என்கிறார்கள். வியர்வையை உள்ளே தங்கவிடாத அடுக்கு, சூட்டைப் பிடித்துவைக்கும் அடுக்கு, காற்றையும் பனியையும் தடுக்கும் அடுக்கு. மலையேறிகள் பல காலமாகச் செய்துவரும் ஏற்பாடுதான். இங்கே தைக்கப்படுவது புதிது.

தில்லியில் உள்ள ராணுவ உடலியல் ஆய்வுக்கூடமான டிபாஸ் இன்னும் எளிமையாக யோசித்திருக்கிறது. பனிக்கடிக்குக் கற்றாழைக் களிம்பு ஒன்றை உருவாக்கியது. ராணுவம் அதை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வாங்குகிறது. பதுங்கு குழிகளில் ஜவான்கள் மண்ணெண்ணெய் எரிக்கும் புகாரி அடுப்பில் குளிர் காய்வார்கள். மூடிய அறையில் அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லக்கூடியது. அதற்கு மாற்றாக ஹிம் தாபக் என்ற ஹீட்டரைச் செய்தார்கள். 2021-ல் ராணுவம் 420 கோடி ரூபாய்க்கு அதற்கு ஆர்டர் கொடுத்தது. இது உடம்பில் மாட்டும் பொருளல்ல. ஆனால் காவல் முடிந்து திரும்புகிறவர் தன் உள்சட்டையைக் காயவைக்க ஒரு சூடான அறை இருந்தால், மறுநாள் கோட்டுக்குள் ஹீட்டர் இல்லாமலே சமாளித்துவிடுவார்.

அந்த அறையும் இல்லாத முன்னணிக் காவல் நிலைகளில் என்ன செய்வது? மலைப்படைகளுக்குத் தெரிந்த பழைய வழி ஒன்று இருக்கிறது. ஈரமான காலுறையைக் கழற்றி, பிழிந்து, வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு தூக்கப் பைக்குள் படுத்துவிடுவது. அந்த 100 வாட் அடுப்பு இரவு முழுக்க எரிந்து, விடியும்போது காலுறை உலர்ந்திருக்கும். இதற்கு வேண்டியதெல்லாம் கிழியாத ஒரு தூக்கப் பையும் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடிக் காலுறையும்.